கந்தோர் அக்கா பதில்கள்: வந்த வழியே திரும்பிப் போகாதீர்கள்

இணைய மோசடி பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். பத்துப் பதினைந்து வரும் என்று நினைத்தேன். ஆசிரியர் ஒரு சீலைப் பை நிறையக் கொடுத்தனுப்பியிருக்கிறார். முக்கால்வாசிப் பேர் 'பெயர் போட வேண்டாம்' என்று அடிக்கோடிட்டுக் கேட்டிருப்பதால் இம்முறை யாருக்கும் பெயர் இல்லை, ஊர் மட்டும்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. தபால் கந்தோரில் 31 வருடம் இருந்தவள். கடிதம், பார்சல், காசுக்கட்டளை, தந்தி என்று மனிதர் பொய் சொல்லி அனுப்பக்கூடிய எல்லாமே என் மேசையைத் தாண்டித்தான் போயின. அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

களுவாஞ்சிகுடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
வங்கியிலிருந்து ஒரு மின்னஞ்சல். 24 மணித்தியாலத்துக்குள் விபரங்களை உறுதிப்படுத்தாவிட்டால் கணக்கு முடக்கப்படுமாம். சின்னம், நிறம் எல்லாம் அச்சொட்டாக இருக்கின்றன. அனுப்பியவர் பெயரும் வங்கியின் பெயர்தான். உண்மையா போலியா என்று எப்படிப் பார்ப்பது?

சேர், சின்னத்தைப் பார்க்காதீர்கள். வங்கியின் சின்னத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்ட ஒரு நிமிடம் போதும்.

ஒரு கடித உறையை நினைத்துப் பாருங்கள். இடது மூலையில் அனுப்புநர் என்று யார் பெயரையும் எழுதலாம். வாழைச்சேனையில் இருந்துகொண்டு 'ஜனாதிபதி செயலகம், கொழும்பு' என்று எழுதிப் பெட்டியில் போட்டாலும் நாங்கள் தடுக்க மாட்டோம். ஆனால் தபால் முத்திரை வாழைச்சேனை என்றுதான் விழும். மின்னஞ்சலில் தடித்த எழுத்தில் தெரிகிற பெயர் அந்த இடது மூலை. அதன்மேல் விரலை வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் முழு முகவரி விரியும். வங்கி என்று பெயர் போட்டவன் ஒரு ஓசி ஜீமெயில் முகவரியிலிருந்தோ, வாயில் நுழையாத ஏதோ ஒரு தளத்திலிருந்தோ எழுதியிருப்பது அப்போது தெரியவரும்.

உள்ளே இருக்கும் லிங்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நாம் இடமிருந்து வலமாக வாசிப்பவர்கள் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் வங்கியின் பெயரை முன்னால் போட்டுவிட்டு, தன் பெயரை வால் பக்கம் ஒளித்து வைப்பான். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை (//) விட்டுவிடுங்கள். அடுத்த ஒற்றைச் சாய்கோட்டைப் பிடித்து, அங்கிருந்து பின்னோக்கி வாசியுங்கள். அதை ஒட்டி நிற்பதுதான் வீட்டுக்காரன் பெயர். அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் அவன் வாசலில் மாட்டிய பலகை. நம் அரசாங்கத் தளம் என்றால் அந்த இடத்தில் 'ஜிஓவி டொட் எல்கே' என்று முடியும். பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். போகிற வழியில் வேறு யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. போய்ச் சேரும் வீடு கள்ளன் வீடாக இருந்தாலும் பூட்டு இருக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு கசப்பான விஷயம்: கெட்டிக்காரக் கள்ளன் முத்திரையையும் போலியாகக் குத்துவான். முகவரி சரியாகத் தெரிகிற மின்னஞ்சல்கூடப் பொய்யாக இருக்கலாம். அதனால் நான் நம்புகிற வழி ஒன்றே ஒன்றுதான். செய்தி வந்த வழியே திரும்பிப் போகாதீர்கள். அதில் உள்ள லிங்கைத் தொடாதீர்கள், அதில் உள்ள போன் இலக்கத்துக்கு அடிக்காதீர்கள். உங்கள் கார்டின் பின்பக்கத்தில் வங்கியின் இலக்கம் அச்சடித்திருக்கிறது, அதற்கு அடியுங்கள். இல்லாவிட்டால் குடையை எடுத்துக்கொண்டு நேரே கிளைக்கே போய்க் கேளுங்கள், சேர்.

அந்த 24 மணித்தியாலக் கெடு இருக்கிறதே, அது பழைய சரக்கு. அந்தக் காலத்தில் லீவு கிடைக்காத உத்தியோகத்தர்களுக்கு ஊரிலிருந்து 'தாய் கடுமை, உடனே வரவும்' என்று தந்தி போகும். அடித்தவர்களில் எத்தனை பேருடைய தாய்மார் என் கண்ணுக்கு முன்னாலேயே சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றார்கள் என்று எனக்குத் தெரியும்! 'உடனே' என்ற சொல்லைக் கண்டால் மனிதர் யோசிப்பதில்லை.

செங்கலடி, குடும்பத் தலைவி:
'உங்கள் பார்சல் முகவரிப் பிழையால் நிற்கிறது, இந்த லிங்கில் சிறு கட்டணம் செலுத்துங்கள்' என்று தபால் திணைக்களத்தின் பெயரில் எஸ்எம்எஸ் வந்தது. நீங்கள் தபாலில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். இது உண்மையா?

பொய். எப்படித் தெரியும் என்று கேட்டால், நானே அதில் விழுந்தவள். சிரிக்காமல் வாசியுங்கள்.

மார்கழி மழை. மூன்று நாளாக வெயில் இல்லை. கனடாவில் இருக்கும் தங்கச்சியின் மகள் பார்சல் போட்டிருப்பதாகச் சொல்லி இரண்டு கிழமை ஆகிவிட்டது. அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருக்கும்போது போன் 'டிங்' என்றது. நீங்கள் எழுதிய அதே வாசகம். கட்டணம் 75 ரூபாய். கண்ணாடி முன்னறை மேசையில் கிடந்தது. 75 ரூபாய்தானே என்று லிங்கைத் தட்டினேன். நம் திணைக்களத்தின் நிறம், சின்னம் எல்லாம் அப்படியே. முகவரி கேட்டது, கொடுத்தேன். கார்டு இலக்கம், முடியும் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் கேட்டது, அதையும் கொடுத்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஓடிப்போய் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் வங்கியிலிருந்து ஓடிபி, அதாவது அந்த ஒரு தடவைக்கு மட்டும் செல்லுபடியாகும் இரகசிய இலக்கம், வந்து கிடந்தது.

வந்த ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்து அடித்திருந்தால் கதை முடிந்திருக்கும். பால் வழிந்த எரிச்சலில் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முழுச் செய்தியையும் வாசித்தேன். ஓடிபிக்கு மேலே தொகை எழுதியிருந்தது: 48,900 ரூபாய். 75 எங்கே, 48,900 எங்கே! உடம்பு குளிர்ந்துவிட்டது. கார்டைத் திருப்பிப் பின்பக்கத்து இலக்கத்துக்கு அடித்து, அதை முடக்கச் சொன்னேன். புதுக் கார்டு வர ஒன்பது நாள் எடுத்தது. காசு போகவில்லை. ஆனால் வெட்கம் போக அதைவிட நீண்ட நாள் எடுத்தது.

31 வருடம் நான் செய்த வேலை எனக்குத் தெரியாதா? தீர்வை கட்ட வேண்டிய பார்சல் வந்தால் வீட்டுக்கு ஒரு அறிவித்தல் வரும். அடையாள அட்டையோடு கந்தோருக்குப் போய், கவுண்டரில் காசைக் கட்டி, கையொப்பம் வைத்து எடுத்துவர வேண்டும். எத்தனை ஆயிரம் பேருக்கு நானே அப்படிக் கொடுத்திருக்கிறேன். தெரிந்தும் விழுந்தேன், ஏனென்றால் அன்று நான் உண்மையிலேயே ஒரு பார்சலுக்குக் காத்திருந்தேன். அவனுக்கு அது தெரியாது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே செய்தியை வீசுகிறான், அதில் பார்சலுக்குக் காத்திருக்கும் நாலு பேர் அகப்படுகிறார்கள். வாவியில் வலை வீசுபவர் எந்த மீன் எங்கே நிற்கிறது என்று பார்த்தா வீசுகிறார்?

ஓடிபி வந்தால் இலக்கத்துக்கு முன் தொகையை வாசியுங்கள். பல வங்கிகள் தொகையையும் கடையின் பெயரையும் சேர்த்தே அனுப்புகின்றன. ஓடிபி கொடுக்காவிட்டால் தப்பிவிட்டோம் என்றும் இருக்க வேண்டாம். சில வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி இல்லாமலேயே கார்டிலிருந்து காசு எடுக்கலாம். கார்டு இலக்கத்தைக் கொடுத்துவிட்டால் அதை மாற்றத்தான் வேண்டும்.

வந்தாறுமூலை, பல்கலைக்கழக மாணவர்:
எழுத்துப் பிழை நிறைய இருந்தால் மோசடி என்று கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

ஒரு காலத்தில் கண்டுபிடிக்கலாம், தம்பி. 2016 பெப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்த கள்ளர்கள், நியூயோர்க்கில் இருந்த அந்த வங்கியின் கணக்கிலிருந்து ஏறக்குறைய 951 மில்லியன் டொலரை எடுக்கக் கட்டளை அனுப்பினார்கள். அதில் 20 மில்லியன் நம் இலங்கையில் இருந்த ஒரு அமைப்பின் கணக்குக்கு. அமைப்பின் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லை 'பண்டேஷன்' என்று வாசிக்கும்படி பிழையாக எழுதிவிட்டார்கள். இடையில் இருந்த வங்கி இது என்ன சொல் என்று கேள்வி கேட்க, அந்த 20 மில்லியன் தப்பியது. மணிலாவுக்குப் போன 81 மில்லியன் அப்படித் தப்பவில்லை. அந்தக் கள்ளர்கள் உள்ளே நுழைந்த வழி என்ன தெரியுமா? வேலை கேட்டு ஒருவர் எழுதியது போன்ற ஒரு சாதாரண மின்னஞ்சல்.

இப்போது பிழையை நம்பியிருக்க முடியாது. முன்பெல்லாம் 'அன்பான பிரியமான ஒருவரே, நான் விதவையான பெண்மணி ஆகிறேன்' என்று வரும், வாசித்துச் சிரித்துவிட்டு அழிப்போம். அந்தக் கோணல் தமிழ் நமக்கு ஒரு வேலியாக இருந்தது. இன்றைக்கு இயந்திரமே நல்ல தமிழ் எழுதிக் கொடுக்கிறது. போன மாதம் எனக்கு வந்த ஒரு மோசடிச் செய்தியில் சந்திப் பிழைகூட இல்லை. பிழையோடு எழுதுவது இப்போது என் பேரப்பிள்ளைகள்தான்.

மருதமுனை, சாரன் வியாபாரி:
நூல் அனுப்பும் இந்தியக் கொம்பனியிலிருந்து 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்' என்று மின்னஞ்சல். பழைய கடிதங்களுக்குக் கீழேயே தொடர்ச்சியாக வந்திருக்கிறது, அதனால் உண்மை என்று நினைக்கிறேன். முதலில் சிறு தொகை அனுப்பிப் பார்க்கட்டுமா?

அனுப்ப வேண்டாம். பழைய கடிதங்களுக்குக் கீழேயே வந்திருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் மின்னஞ்சல் பெட்டிக்குள்ளோ அவர்களுடைய பெட்டிக்குள்ளோ ஒருவன் புகுந்து உட்கார்ந்து, எப்போது பில் வரும், எவ்வளவு என்று மாதக்கணக்கில் வாசித்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் சிறு தொகை அனுப்பி 'கிடைத்ததா' என்று கேட்டால், 'கிடைத்தது, மிக்க நன்றி' என்று அவனே பதில் போடுவான். உங்களுக்கு நம்பிக்கை வந்துவிடும், பெரிய தொகையும் போய்விடும்.

அனுப்பிய முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆங்கிலத்தில் சின்ன 'எம்' எழுத்துக்குப் பதிலாக 'ஆர்', 'என்' இரண்டையும் நெருக்கி வைத்தால் கண்ணாடி போட்டாலும் வித்தியாசம் தெரியாது. அது சரியாக இருந்தாலும் நம்ப வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முந்திய பில் ஒன்றை எடுத்து, அதில் இருக்கும் போன் இலக்கத்துக்கு அடித்து, வழக்கமாகப் பேசும் ஆளின் குரலைக் கேட்டுக் கணக்கு இலக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். புதிய மின்னஞ்சலின் அடியில் உள்ள இலக்கத்துக்கு அடித்தால் கள்ளன்தான் 'ஹலோ' சொல்வான்.

ஏறாவூர், ஒரு தாய்:
மகனுக்கு 24 வயது. டெலிகிராமில் அறிமுகமான ஒருவர் தாய்லாந்தில் கம்ப்யூட்டரில் டைப் பண்ணும் வேலை, மாதம் 1,200 டொலர் என்கிறார். நியமனக் கடிதம் மின்னஞ்சலில் வந்துவிட்டது. முதலில் சுற்றுலா விசாவில் வரட்டுமாம், அங்கே மாற்றித் தருவார்களாம். செலவுக்கு 185,000 ரூபாய் கேட்கிறார்கள். நகையை ஈடு வைக்கட்டுமா அக்கா?

வைக்க வேண்டாம் தங்கச்சி. 185,000 போனாலும் உழைத்து மீட்கலாம். எனக்குப் பயம் மகனைப் பற்றித்தான்.

தாய்லாந்து என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய், எல்லையைத் தாண்டி மியன்மாரில் மியாவடி என்ற இடத்தில் கொண்டு விடுகிறார்கள். அங்கே மதிலுக்குள் கட்டடங்கள். கடவுச்சீட்டைப் பறித்துவிட்டு, போலிப் பெயர்களில் உலகத்தில் உள்ளவர்களோடு அன்பாகப் பேசி ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்கிறார்கள். மறுத்தால் அடி. நம் நாட்டுப் பிள்ளைகளும் அகப்பட்டார்கள். 2024, 2025 ஆகிய வருடங்களில் தொகுதி தொகுதியாக மீட்டுக் கொண்டுவந்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. உங்களுக்கும் எனக்கும் வரும் மோசடிச் செய்திகளில் சிலவற்றை எழுதுவது, இப்படி வேலை என்று நம்பிப் போன யாரோ ஒரு தாயின் பிள்ளையாக இருக்கலாம். இதை நினைத்தால் எனக்குக் கள்ளனைத் திட்டக்கூட வாய் வருவதில்லை.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள். முகவர் நிலையத்தின் பெயரையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் கொடுத்து, இந்த வேலைக்கு, இந்த நாட்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதிப்பத்திர இலக்கத்தை அந்த ஆளிடம் கேட்டுப் பாருங்கள். தருவதற்குப் பதிலாக 'நம்பிக்கை இல்லையா அன்ரி' என்று கோபித்துக்கொண்டால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யச் சொல்கிறவன் தொடக்கத்திலேயே உங்கள் மகனைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்துகிறான். பிறகு மகனால் பொலிசுக்கும் போக முடியாது.

மகன் கோபிப்பான். வேலையில்லாத பிள்ளைக்கு இது வந்த ஒரே கதவு. இந்தப் பக்கத்தைக் கிழித்து அவனுடைய போனுக்குக் கீழே வைத்துவிடுங்கள்.

அக்கரைப்பற்று, வாசகர்:
பிரிட்டன் லொத்தரில் எனக்கு 5 இலட்சம் பவுண் விழுந்திருப்பதாக மின்னஞ்சல் வந்துள்ளதே?

சீட்டு எந்தக் கடையில் வாங்கினீர்கள்?

கொக்கட்டிச்சோலை, விவசாயி:
கட்டாரில் இருக்கும் மகன் புது இலக்கத்திலிருந்து வட்ஸ்அப்பில் எழுதினான், போன் உடைந்துவிட்டது, அவசரமாகக் காசு வேண்டும் என்று. பிறகு, 'தவறுதலாக உங்கள் போனுக்கு ஆறு இலக்கம் வந்திருக்கும், அதை அனுப்புங்கள்' என்றான். அனுப்பலாமா?

அந்த ஆறு இலக்கம் உங்கள் வட்ஸ்அப்பின் சாவி. கொடுத்தால் உங்கள் கணக்கு அவன் கையில். பிறகு உங்கள் பெயரில் உங்கள் மச்சானிடமும் மருமகனிடமும் காசு கேட்பான், அவர்களும் நீங்கள்தான் என்று நம்பிப் போடுவார்கள். மகனுடைய பழைய இலக்கத்துக்கு அடியுங்கள். அது வேலை செய்யாவிட்டால், கேட்பவனிடம் வீட்டு விஷயம் ஒன்றைக் கேளுங்கள்: 'வட்டையில் நிற்கிற நம் சிவப்புப் பசுவுக்கு நீ வைத்த பெயர் என்ன?' முகநூலில் தேடினாலும் அது கிடைக்காது. அப்புறம், வட்ஸ்அப் அமைப்புகளுக்குள் 'டூ-ஸ்டெப் வெரிபிகேஷன்' (இரட்டைச் சரிபார்ப்பு) என்று ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை யாரிடமாவது போனைக் கொடுத்து அதைப் போட்டுவிடச் சொல்லுங்கள்.

காத்தான்குடி, கடை வைத்திருப்பவர்:
ஏமாந்துவிட்டேன். நேற்று இரவு 92,000 ரூபாய் அனுப்பினேன். இனி என்ன செய்வது?

இந்த இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று கடிதம் கிடைத்த அன்றே இவருக்குப் போனில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். இப்போது ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் காசு போகச் சில நொடிகள் போதும். அங்கிருந்து அவன் எடுத்துவிட்டால் மீட்பது மிகக் கஷ்டம். எனவே அழுவதற்கு முன் வங்கிக்கு அடியுங்கள், நடுச்சாமமாக இருந்தாலும். அனுப்பிய கணக்கு இலக்கம், நேரம், தொகை மூன்றையும் சொல்லி அதை நிறுத்திவைக்கக் கேளுங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள், முதலில் மின்னஞ்சலுக்கு, பிறகு வங்கிக்கு. மின்னஞ்சல் கையில் இருந்தால் மற்ற எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் அவனால் மாற்ற முடியும் என்பதால்தான் இந்த ஒழுங்கு. செய்தி எதையும் அழிக்காதீர்கள். வெட்கத்தில் முதலில் அதைத்தான் செய்கிறோம், நானும் செய்தேன். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொண்டு பொலிசில் முறைப்பாடு போட்டு, பிரதி வாங்குங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, 'இதெல்லாம் எங்கள் வேலை இல்லை' என்று யாரும் சொல்ல முடியாது. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 101க்கு அடியுங்கள், அது இலங்கை சேர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிலையம். வங்கி முறைப்பாட்டைத் தட்டிக்கழித்தால் மத்திய வங்கியின் 1935.

இரண்டு எச்சரிக்கை. சில நாளில், 'போன காசை மீட்டுத் தருகிறோம், முதலில் 5,000 கட்டுங்கள்' என்று ஒருவன் வருவான். அவன் பெரும்பாலும் அதே கள்ளனின் கூட்டாளி. மற்றது பிள்ளைகளுக்கு: 'உன் கணக்கில் காசு வரும், எடுத்துக் கொடு, உனக்குப் பத்து வீதம்' என்று யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ள வேண்டாம். பொலிஸ் தேடி வரும்போது முதல் கதவு உங்களுடையதாகத்தான் இருக்கும்.

திருக்கோவில், பெயரும் முகவரியும் எழுதிய ஒரு வாசகர்:
என் கார்டு பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஐயா, நீங்கள் கார்டின் பதினாறு இலக்கம், முடியும் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம், ஏடிஎம் இரகசிய இலக்கம் எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அதற்கு முன் அது தபாலில், ஆசிரியர் மேசையில், ஒரு சீலைப் பையில் என்று பதினொரு நாள் சுற்றியிருக்கிறது. இதை வாசித்ததும் வங்கிக்குப் போய்க் கார்டை மாற்றுங்கள்.